நூற்றிப் பன்னிரண்டு

கொட்டாஞ்சேனையில் ஏறினால் இருக்கை கிடைக்கும்.
இந்த மாதத்தில் எனக்கு
நிச்சயமாகக் கிடைப்பது அது ஒன்றுதான்.
மடியில் சாப்பாட்டுக் கரியர்.
மேல்தட்டு ரிஸ்வியாவுக்கு, உப்பில்லாமல்.
கீழ்த்தட்டு மெற்றில்டாவுக்கு, வாசமில்லாமல்.
வாசமில்லாமல் எப்படிச் சமைப்பது?
விடிய நாலரைக்கு
வெங்காயத்தைக் கையில் வைத்தபடி நின்றேன்.
மற்றவர்கள் நித்திரை,
அல்லது நித்திரைபோலக் கிடந்தார்கள்.

வீடு என்றுதான் இன்னும் சொல்கிறேன்.
"ஜனவரி முப்பத்தொன்றுக்குள்" என்று
வீட்டுக்காரரின் சட்டத்தரணி சிங்களத்தில் எழுதியது
குளிர்ப்பெட்டிக் கதவில் காந்தத்தில் தொங்குகிறது.
பத்தொன்பது வருடத்தில் பாதி
பால்மாப் பெட்டிகளுக்குள் போய்விட்டது.
எதற்குள் கரண்டிகள் என்று தெரியாமல்
மூன்று நாளாய் ஒரே கரண்டி,
கழுவிக் கழுவி.
துறைமுக வேலை போனதிலிருந்து இவர்
கதிரையை யன்னல் பக்கம் திருப்பிவிட்டார்.
முதுகோடுதான் பேச வேண்டியிருக்கிறது.
மகன் ருமேனியாவுக்குக் காசு கட்டிவிட்டானாம்.
நேற்றிரவு சொன்னான்.
என் சங்கிலி அலுமாரியில் இல்லாததை
அதற்குப் பிறகுதான் பார்த்தேன்.

மருதானையில் இறங்கி மாளிகாவத்தைக்கு நடை.
ரிஸ்வியாவின் கையிலிருந்து இரத்தம் புறப்பட்டு
குழாய் வழியே இயந்திரத்துக்குள் சுற்றித் திரும்புகிறது.
"பாருங்க, வெளிய அனுப்பினாலும் திரும்பி வந்துடுது,
எங்கட மாமியப் போல" என்றாள்.
நான் சிரித்த சத்தத்தில் தாதி நிமிர்ந்து பார்த்தார்.
அவளுக்கு நாளைக்கு அரை லீட்டர் தண்ணீர்.
ஒரு ஐஸ் துண்டைக் கன்னத்தில் ஒதுக்கி
அது கரையும்வரை பேச மாட்டாள்.
வெளியே வந்து
ஒரு முழுப் போத்தலையும் நின்றபடியே குடித்தேன்,
அவள் இருக்கும் யன்னலுக்கு மறைவாக.

மறுபடி பஸ். மஹரகம.
வார்டில் பினோல் மணம்.
மெற்றில்டாவின் தலையில்
அவள் தங்கச்சி பின்னிய நீலத் தொப்பி.
"வீட்டில எப்பிடி?"
"எல்லாரும் சுகம்."
கரண்டியை என் கையிலிருந்து தள்ளிவிட்டாள்.
"ஆறு கிழமையா உன்ர வீட்டில எல்லாரும் சுகம்.
பக்கத்துக் கட்டில்காரியும் அப்பிடித்தான் சொன்னவ,
செவ்வாய்க்கிழமை கட்டில் காலி.
எனக்கு இந்தச் சுகம் காணும்.
சண்டை இருந்தாச் சொல்லு."

சொன்னேன்.
கடிதம். கதிரை. சங்கிலி.
"எந்தச் சங்கிலி? செட்டியார் தெருவில
நான் பேரம் பேசி வாங்கித் தந்ததோ?"
"ஓம்."
எழும்பி உட்கார்ந்தாள்,
மூன்று நாளாய்த் தலையணையை விட்டு எழாதவள்.
மகனைத் திட்டினாள், அவன் அப்பனைத் திட்டினாள்,
வீட்டுக்காரனின் மூன்று தலைமுறையைத் திட்டினாள்.
திட்டுக்கும் திட்டுக்கும் இடையில் வாய் திறந்தபோது
நான் சோற்றை வைத்தேன்.
ஆறு கரண்டி. எண்ணினேன்.
ஏழாவதற்காக ஒரு பொய் சேர்த்தேன்:
மகன் என்னை எதிர்த்துக் கத்தினான் என்றேன்.
அவன் கத்தவில்லை.
வாசலில் நின்று, சப்பாத்தைக் கழற்றாமல்
அழுதான்.
அதை அவளிடம் சொல்லவில்லை.
ஏழாவதும் உள்ளே போனது.

"மிச்சத்தை நாளைக்குச் சொல்லு" என்று கண்ணை மூடினாள்.
என்ன மிச்சம் இருக்கிறது என்று யோசித்தபடி
திரும்பும் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தேன்.
மழை. கம்பியில் என் கை, வேறு நாலு கைகள்.
இவர் இன்று ஏதாவது சொல்வாரா,
சொன்னால் அப்படியே மனதில் வைக்க வேண்டும்,
முகத்தையும் பார்த்துவைக்க வேண்டும்,
அவள் கேட்பாள்.

பொரளையில்தான் நினைவு வந்தது:
கரண்டி அவள் மேசையில்.
இனி
பெட்டிகளைப் பிரிக்காமல் முடியாது.