பயோட்டின் நிறுத்திய நான்காம் நாள்

ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் பிடித்திருக்கும் சீட்டில்
லேப்காரர்கள் அச்சடித்ததற்குக் கீழே
என் கையெழுத்து:
பயோட்டின் – செவ்வாயோடு சரி.
மெக்னீசியம் – டாக்டரிடம் கேட்கணும்.
மீன் எண்ணெய், துத்தநாகம் – கேட்க வெட்கம்.
பி ஆறு – ?

அந்தக் கேள்விக்குறியை மட்டும்
மூன்று முறை அழுத்தி எழுதியிருக்கிறேன்.
அதுவும் ஒரு துடிப்புதான்.

என் வலது தோளுக்கு ஒரு பழக்கம்,
யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டதுபோல் ஏறி இறங்கும்.
தொண்டைக்கு இன்னொன்று:
க்ஹும்.
கொளத்தூர் சூப்பர் மார்க்கெட் பில் கவுன்டரில்
பதினோரு வருஷம்.
அதைக் கேட்டதும் வரிசையில் நிற்பவர்கள்
சில்லறையை வேகமாக எடுப்பார்கள்,
நான் அவசரப்படுத்துகிறேன் என்று நினைத்து.
முதலாளிக்கு அதில் லாபம்தான்.

நாலு டப்பா, நாலு பேர் சொன்னது.
மெக்னீசியம், எதிர் பிளாக் லூர்துமேரி அக்கா.
துத்தநாகம், மருந்துக்கடைப் பையன், கேட்காமலே.
பி ஆறு, பழைய டாக்டர், பேர் மறந்துவிட்டது.
மீன் எண்ணெய்க்கு
காசிமேட்டுச் சொந்தமெல்லாம் சிரித்தது:
'மீனை விட்டுட்டு எண்ணெயை முழுங்குறாளாம்.'

பயோட்டின் தோளுக்காக இல்லை.
முடி கொட்டுகிறதென்று நானே வாங்கியது.
அதுதான் தைராய்டு ரிசல்ட்டைப்
பொய் சொல்ல வைக்குமாம்.
லேப் பெண் போனில் சொன்னபோது
அந்த மாத்திரைமேல் ஒரு மரியாதை வந்தது.
எதையாவது செய்திருக்கிறதே.

மற்றவை என்ன செய்தன?
நல்ல வாரம் வந்தால் மெக்னீசியம் என்பேன்.
கெட்ட வாரம் வந்தால் புழுக்கம் என்பேன்,
மாமியார் வந்தது என்பேன், ஸ்டாக் கணக்கு என்பேன்.
தோள் எதற்கும் சாட்சி சொன்னதில்லை.

நேற்று எட்டரைக்குக் கடைசி இட்லி.
பிறகு தண்ணீர் மட்டும்.
தலைக்குக் குளிக்கணும், எண்ணெய் கூடாது.
ரத்தம் கொடுத்துச் சாப்பிட்டபின் மாடியில் இ.இ.ஜி.,
அதற்கு நாலு மணி நேரத்துக்கு மேல் தூங்கவும் கூடாது.
தணிகாசலமும் தூங்கவில்லை, துணைக்கு.
இரண்டு மணிக்குப் பெரம்பூர்ப் பக்கம் சரக்கு ரயில் கூவியது.
'எல்லாத்தையும் டாக்டர்கிட்ட சொல்லிடு' என்றார்.
'எல்லாத்தையுமா?'
'டப்பாவையே எடுத்துட்டு வா.'

ஆட்டோ குலுங்கும்போதெல்லாம்
மளிகைப் பைக்குள் ஐந்தும் கிலுகிலுத்தன.

கீழ்ப்பாக்கம். ஆறே முக்கால். டோக்கன் நாற்பத்தொன்று.
க்ஹும்.
பக்கத்திலிருந்த முகக்கவசம் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தது.
க்ஹும்.
இரண்டு நாற்காலி.
இருமல் இல்லைங்க என்று சொல்ல வாய் திறந்தேன்,
வந்தது அதுவேதான்.

ரத்தம் எடுக்கிற பெண், பேட்ஜில் ஃபர்ஸானா,
'ஆடாதீங்க' என்று சொல்லவில்லை.
ரப்பரைக் கட்டினாள். தோளைப் பார்த்தாள்.
ஊசியோடு சும்மா நின்றாள்.
ஒரு தடவை. இன்னொரு தடவை.
மூன்றாவது எழுந்து அடங்கியதும்
நிறுத்தத்தில் நிற்காத பஸ்ஸில் தாவுகிறவள் மாதிரி
அந்த இடைவெளியில் ஏறிவிட்டாள்.
எனக்கு வலிக்குமுன் இறங்கியும்விட்டாள்.

'ஏழு எண்ணினா ஒரு தடவை வருது உங்களுக்கு'
என்றாள், பஞ்சை அழுத்திக்கொண்டே.

ஒன்பது வயதிலிருந்து என்னோடு இருக்கிறது.
நான் எண்ணியதே இல்லை.
நிறுத்தத்தான் பார்த்திருக்கிறேன்.

பாரத்தில் 'வேறு மருந்துகள்' என்ற கட்டம்
ஒரு விரல் அகலம்.
விளிம்பில் ஏறி, பின்பக்கம் திரும்பி
ஐந்தையும் எழுதிவிட்டேன்,
முடி கொட்டுவது உட்பட.

மாடியில் தலைக்குக் கம்பி ஒட்டக் காத்திருக்கிறார்கள்.
கான்டீனில் பொங்கல் இருக்கிறதா என்று
தணிகாசலம் பார்க்கப் போயிருக்கிறார்.
மடியில் பையை வைத்துக்கொண்டு
நான் ஏழு வரை எண்ணுகிறேன்.

ஆறிலேயே வந்துவிட்டது.