துளை எண் 217

இரவு பதினொன்றரை. பதினான்கு அடுக்கு.
ஒவ்வொன்றுக்கும் ஒரு கூரை, ஒரு தரை, ஒரு தடிமன்.
நாற்பத்திரண்டு கிரிட்.
பெயரையெல்லாம் பட்டியலில் ஏற்றிப்
பொத்தானை அமுக்கிவிட்டால்
ரேஷன் கடை வரிசைபோல
ஒவ்வொன்றாய் வாங்கிக்கொண்டு நகரும்.
அப்புறம் எனக்கு வேலை இல்லை.

நெய்வேலியில் மூன்றாம் மாடி.
ஜன்னலுக்கு வெளியே கன்வேயர்.
நின்றால்தான் காதில் விழும் சத்தம் அது.

செம்மண் முடிந்தது. களிமண் முடிந்தது.
மணற்கல் நேரம் எடுத்துக்கொண்டது,
எப்போதும் அப்படித்தான், அதற்கென்ன அவசரம்.
ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் நடுவே
நானூறு மீட்டர், யாரும் பார்த்திராத இருட்டு.
பெண்வீட்டைப் பற்றி விசாரிப்பதுபோல
அக்கம்பக்கத்தைக் கேட்டுத்தான் அதை நிரப்புகிறது சாஃப்ட்வேர்.
கிட்டத்து வீட்டார் சொல்லுக்கு மதிப்பு அதிகம்.
தெருக்கோடி சொல்வதையும் காதில் போட்டுக்கொள்ளும்.

முப்பத்து மூன்றில் நின்றது.
பழுப்பு நிலக்கரி, தடிமன்.
வட்டத்துக்குள் வட்டம், அதற்குள் வட்டம்,
தோளில் அம்மை குத்திய தழும்பு மாதிரி.
சுற்றிலும் பன்னிரண்டு, பதின்மூன்று மீட்டர் கரி.
நடுவில் பூஜ்யம்.

துளை எண் 217. பழைய பதிவேட்டைத் திறந்தேன்.
ஸ்கேன் செய்தவன் அவசரத்தில் பக்கம் சாய்ந்திருந்தது.
தெய்வசிகாமணி என்று பச்சை மசியில் கையெழுத்து.
'எழுபத்தொரு மீட்டருக்குக் கீழே கோர் இல்லை.
தண்ணீர் தானாகப் பீறிட்டு ராடைத் தள்ளியது.
வந்த மாதிரியும் கழுவிக்கொண்டு போயிற்று.
மாலை ஐந்துக்கு நிறுத்தினோம்.'
அதற்குக் கீழே கட்டம் கட்டமாய் வெற்று.

அந்த வெற்றில் யாரோ, எந்த வருஷமோ,
ஒரு 0 தட்டியிருக்கிறார்கள்.

பூஜ்யம் என்றால் இல்லை.
வெற்று என்றால் தெரியாது.
இத்தனை அடுக்கிலும் இதைவிடப் பெரிய இடைவெளி கிடையாது.

இல்லை என்றே விட்டுவைத்தால்
சுரங்க எல்லைக்கோடு அங்கே வந்ததும்
வயிற்றை எக்கிக்கொண்டு ஒதுங்கிப் போகிறது.
செயற்கைக்கோள் படத்தை அடியில் வைத்துப் பார்த்தேன்:
முந்திரித்தோப்பு, ஒரு வளைவுப் பாதை,
மூன்று கூரை. ஒன்று புது நீலம்.

இரண்டு மணிக்குப் பூஜ்யத்தை அழித்தேன்.
நேர்மையான காரியம்தான், இப்போதும் சொல்கிறேன்.
ஆனால் தெரியாததைத் தெரியாததாகவே வைத்திருக்க
அதற்குத் தெரியவில்லை.
பக்கத்துத் துளைகள் நாலும் பேசின.
பன்னிரண்டு புள்ளி ஆறு என்று நிரம்பியது.
தழும்பு மறைந்தது, கோடு நிமிர்ந்தது,
நாற்பத்திரண்டும் பச்சை.

குறிப்பு என்ற கட்டத்தில் எழுதினேன்:
217 மறுபடி துளையிட வேண்டும்.
அந்தக் கட்டம் அச்சில் வராது.

ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போகவில்லை.
மந்தாரக்குப்பம் தாண்டி ஸ்கூட்டியை விட்டேன்.
தோப்புக்குள், முழங்கால் உயரத்தில், இரும்புக் குழாய்.
மரக்கட்டை அடித்து வாயை அடைத்திருந்தார்கள்.
அதன்மேல் ஒரு பள்ளிக்கூடச் சட்டை காய்ந்தது.

நீலக் கூரைக்குச் சொந்தக்காரர் பெயர் பாவாடை.
வாசலில் டைல்ஸ் பெட்டிகள், இன்னும் பிரிக்காதவை.
என் அடையாள அட்டையைப் படித்துவிட்டு
நேராகக் கேட்டார்:
'தரை போட்டுடலாமா மேடம்,
இல்ல காசு தண்டமா?'

இரவு முழுக்க நான் பிரித்துப் பிரித்து வைத்த
அதே இரண்டு சொற்கள்.
'தெரியாது' என்றேன்.
'கம்பெனி மேடத்துக்கே தெரியாதா' என்று சிரித்தார்.
மேஸ்திரி எட்டு மணிக்கு வருவாராம்.
பெட்டிகளை எண்ணினேன், எதற்கென்று தெரியாமல். பதினாறு.

குழாயில் கட்டைக்கும் இரும்புக்கும் நடுவே
ஒரு சொட்டு திரண்டுகொண்டிருந்தது.
விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன்.
வெதுவெதுப்பு. துரு.
கரி இருக்கிறதா என்று அது சொல்லவில்லை.