படிக்கட்டுக்கு அடியில் ஒரு திருகு

விடியல் ஐந்தரை. முதுநகர் துறைமுகம்.
கலிவரதன் ஐஸ் பாரை மெஷினுக்குள் தள்ள
தெறித்த தூளில் என் லுங்கி நனைகிறது.
தங்கையின் மறுவீட்டு விருந்துக்கு
வஞ்சிரம் விலை படியவில்லை இன்னும்.
போன்.

லீட்ஸில் நள்ளிரவு. பக்கத்து வீட்டு டோரீன்.
என் சாவி அவரிடம்தான்.
உன் குழாய் உறைந்து வெடித்துவிட்டது,
திருகு எங்கே?

படிக்கட்டுக்கு அடியில், அரிசி மூட்டைக்குப் பின்னால்!
மெஷின் சத்தத்தில் கத்துகிறேன்.
நைட்டிக்கு மேல் என் பழைய மழைக்கோட்டு,
எழுபத்தோரு வயது,
மூட்டை அசையவில்லை.

யாசெக் படத்துக்குள் வருகிறான், புருவத்தில் பனி.
என்னோடு முதல் பஸ் எடுப்பவன்.
தூக்கினான், திருகினான், நின்றது.
வெளியே போய்க் காட்டுகிறான்:
என் வாசற்படியில்
நான் ஊரில் இல்லாத நாளிலும்
அவன் தூவிய உப்பு.

கலிவரதனும் உப்புதான் தூவுகிறான்
மீன்பெட்டி ஐஸின் மேல்.
அங்கே பனி கரைய, இங்கே குளிர் ஏற.
எப்படி அண்ணே என்றேன்.
'எத்தனை கிலோன்னு சொல்லு மொதல்ல.'

அரிசி நனைந்துவிட்டதே, என்ன செய்ய?
டோரீன் கவலையாய்க் கேட்கிறார்.
வடித்துச் சாப்பிடுங்கள், இருவரும்.
தண்ணீர் எவ்வளவு?

யாசெக் தரையைப் பார்க்கிறான்.
முதலில் அவன்தான் சிரித்தான்.