பலகை இருக்கு

வண்டி நிறுத்துமிடத்தில்
எங்களுடையதோடு சேர்த்து மூன்றே வண்டிகள்.
பின்கதவைத் திறந்து
ஆரஞ்சு மேல்சட்டைகளை எடுத்துக் கொடுக்கிறான் ரோலண்ட்.
வேலிக்கு அந்தப் பக்கம்
இந்த வாரம் சிறுவர் மான் வேட்டை.
இந்தப் பக்கம் வரக்கூடாதென்று
தோட்டாவுக்கு யார் சொல்வது?

லின்னேயா போட மாட்டாளாம்.
"பூசணிக்காய் மாதிரி இருக்கு."
பதினான்கு வயதில்
சாவதைவிட அசிங்கமாய்த் தெரிவது பெரிய ஆபத்து.
அவள் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர்
அங்கேதான் எங்கோ மரத்தின்மேல்
மூச்சடக்கி உட்கார்ந்திருப்பார்கள்.
கடைசியில் இடுப்பில் கட்டிக்கொண்டாள்.
அது போதும் என்றான் அவள் அப்பா,
போதாது என்ற முகத்தோடு.

ஹால்வர்சன் என்றொரு பால்பண்ணைக்காரர்
பிள்ளைகள் யாரும் வேண்டாமென்றதால்
மாவட்டத்துக்கு எழுதிக்கொடுத்த நிலம்.
பலகையில் அவர் பெயரைவிடப் பெரிய எழுத்தில்
நாய் கூடாது
சைக்கிள் கூடாது
எதையும் எடுத்துச் செல்லக் கூடாது.

ஓட்டிஸ் எழுத்துக்கூட்டிப் படித்தான்.
"எதையும்னா? இலைகூடவா?"
ஒன்று எடுத்தால் பரவாயில்லை என்றேன்.
"எல்லாரும் ஒண்ணு எடுத்தா?"
ஆறு வயதுக்காரனின் கணக்கு.
என்னிடம் விடை இல்லை.

செவ்வாய்க்கிழமைக் காற்றில்
மேப்பிள்கள் மொத்தமாய்க் கொட்டிவிட்டிருந்தன.
ஓக் மரங்கள் மட்டும்
காய்ந்ததையும் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றன
என் மாமியார் பழைய ரசீதுகளை வைத்திருப்பதுபோல.
நான்கு ஜோடிக் கால்களுக்கடியில் சருகு சத்தம்.
பேசினாலும் கேட்காது.
நல்லதுதான்.
வரும் வழியெல்லாம் டுலூத்,
டுலூத்தில் கிடைத்த வேலை,
டுலூத்தில் வீட்டு வாடகை,
பின்இருக்கையில் யாருமே இல்லாததுபோல்
இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தோம்.

கண்ணுக்குப் படும் முன் குரல் வந்தது:
கொக்குகள்,
உயரத்தில், மிக உயரத்தில்,
துருப்பிடித்த கீல் ஒன்றை
யாரோ வானத்தில் திறந்து மூடுவதுபோல்.
ஓட்டிஸ் நாற்பத்தொன்று வரை எண்ணினான்.
ரோலண்ட் முப்பத்தெட்டு என்றான்.
இதிலும் நாங்கள் ஒத்துப்போகவில்லை.

சதுப்பின் ஓரத்தில் டாமராக் மரங்கள்,
ஊசி ஊசியாய் மஞ்சள்.
தொட்டால் கை நிறைய உதிர்கிறது.
"இது செத்துப்போகுதாம்மா?"
லின்னேயா ஒரு காதிலிருந்து மட்டும்
ஒலிப்பானை எடுத்தாள்.
"இல்லடா. அது அப்படித்தான். மறுபடி வரும்."
வண்டியை விட்டு இறங்கியபின்
பூசணிக்காய்க்கு அடுத்து அவள் பேசியது இதுதான்.

அப்புறம் பாதை தண்ணீருக்குள் போயிற்று.

பீவர்கள்.
அறிவிப்புப் பலகை எதையும் படிக்காமல்
வெட்டி, இழுத்து, அடைத்து,
ஓடையை ஏரியாக்கி வைத்திருந்தன.
மரப்பலகைப் பாதை பத்தடி வரை தெரிந்தது,
அதற்குப்பின் கறுப்புத் தண்ணீர்,
அதன்மேல் இலைகள்,
அக்கரையில் மறுபடி பலகை.

திரும்பினால் இரண்டு மைல்.
நான் அவனைப் பார்த்தேன், அவன் என்னை.
திரும்பலாம் என்று முதலில் சொல்பவர்
தோற்றவராகிவிடுவார் போல
இருவரும் வரைபடத்தை உற்றுப் பார்த்தோம்.

அதற்குள் அவள்
காலணியைக் கழற்றி, காலுறையை அதற்குள் திணித்து,
இடுப்புச் சட்டை நனைந்துவிடுமென்று
அவிழ்த்து மேலே போட்டுக்கொண்டு
இறங்கிவிட்டாள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் கழற்றியிருப்பாள்.

முழங்கால் வரை தண்ணீர்.
பாதத்தால் துழாவித் துழாவி
ஓர் அடி, இன்னோர் அடி.
திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:
"பலகை இருக்கு. வழுக்குது. ஆனா இருக்கு."

ரோலண்ட் ஓட்டிஸைத் தோளில் ஏற்றினான்.
நான் அவன் மேலங்கியின் நுனியைப் பிடித்துக்கொண்டேன்.
தண்ணீருக்குப் பல் இருந்தது.
எலும்பைத் தேடிக் கடித்தது.
மூன்று பேரும் கத்தினோம்,
நனையாத ஓட்டிஸ் எல்லோரையும்விடப் பெரிதாக.
மான்கள் இருந்திருந்தால்
வேலிக்கு அந்தப் பக்கமும்
இன்றைக்குப் பிழைத்திருக்கும்.

வண்டியில் சூடு ஏற நேரமானது.
ஈரக் கால்சட்டைகளின் சேற்று நாற்றம்.
ஓட்டிஸ் தூங்கிவிட்டான்,
விரலிடுக்கில் ஓர் இலை, ஒன்றுதான்.

"அங்க பீவர் இருக்குமா?"
பின்னாலிருந்து லின்னேயா.
எங்கே என்று யாரும் கேட்கவில்லை.
"இருக்கும்," என்றான் ரோலண்ட்.
கொஞ்சம் பொறுத்து,
"தெரியல. பார்க்கணும்."

மழை இல்லாத கண்ணாடியில்
துடைப்பான் ஒருமுறை போய்வந்தது.
கை தவறித் தட்டியிருப்பான்.