மூன்றாம் வரைவு

ஏரி உறைந்து கிடக்கிறது.
டுலூத்தில் இன்னும் ஒரு பந்தும் உருளவில்லை.
மதுக்கடை மேசையில் சின்னத்தின் மூன்றாம் வரைவு,
ஓரத்தில் கெட்ச்அப் கறை.

"கடற்காகமா? என் வறுவலைப் பிடுங்கிய ஜென்மம் அது"
என்கிறாள் லெம்பி.
"அதனால்தான் வேண்டும்" என்கிறான் ஆர்விட்.
இரும்புத்தாதுக் கப்பலை யாரோ
இஸ்திரிப் பெட்டி என்றுவிட்டார்கள்;
அதன்பின் எல்லோர் கண்ணுக்கும் இஸ்திரிப் பெட்டிதான்.

பதினோரு பேர் சேரவில்லை,
கோல்கீப்பர் கிடையவே கிடையாது.
எந்த நீலம் என்பதற்கு மட்டும்
ஒன்றரை மணி நேரம்.

கடைசியில் வாக்கெடுப்பு.
முதல் வரைவின் நங்கூரத்துக்கு
மூன்றே கைகள்.

டோய்வோ எதற்கும் கை தூக்கவில்லை.
கடைக்குள் அத்தனை புழுக்கம்,
சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துப்
பொத்தான் போடுகிறான்.
உள்ளே, இன்னும் ஆறாத தோலில்,
செவ்வாய்க்கிழமை குத்திய பச்சை.