அசையாதீங்க

"ஜெல் கொஞ்சம் ஜில்லுன்னு இருக்கும்" என்று
எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் தடவுவேன்.
பதினோரு வருடப் பழக்கம்.
அன்று வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன்.
என் ஜெல்லைவிடக் குளிர்ந்திருந்தது
அந்த மார்பு.

மார்கழி. இரவு ஒன்றே கால்.
சேலம் பெரியாஸ்பத்திரி, அவசரப் பிரிவு, மூன்றாம் கட்டில்.
நாகலூரில் ஏற்றி
இருபது கொண்டை ஊசி வளைவும் இறக்கி
நூற்றெட்டு வண்டி கொண்டுவந்த ஆள்.
பெயர் சேர்வராயன். மலைக்கும் அதே பெயர்.
மிளகு பறிக்கச் சாத்திய ஏணி சறுக்கி
சில்வர் ஓக் மரத்தடியில், மழையில்,
சாயங்காலத்திலிருந்து கிடந்திருக்கிறார்.
வெப்பமானியில் எண்ணே வரவில்லை.
நடுக்கமும் இல்லை.
நடுங்குவதற்குக்கூட
உள்ளே கொஞ்சம் சூடு மிச்சம் இருக்க வேண்டுமாம்.

அதனால்தான் அவ்வளவு சுத்தமாக வந்தது தாள்.
சிவப்புக் கட்டங்களின் மேல்
நிமிடத்துக்கு முப்பத்தாறு.
ஒவ்வொரு துடிப்பின் தோளிலும்
இருக்கக் கூடாத ஒரு சின்ன மேடு.
பாதையில் இருபதுதான் என்று நினைத்திருந்தேன்.
இது இருபத்தொன்றாவது வளைவு.

ஸ்ட்ரெச்சரை இழுக்க வந்த ஜெபமணியை
டாக்டர் மெஹருன்னிசா கையைப் பிடித்து நிறுத்தினார்.
"மெதுவா. இந்த ஹார்ட் இப்ப பெரிய கோவக்காரன்.
ஒரு குலுக்கல் போதும், தாறுமாறா ஓட ஆரம்பிச்சிடும்."

ஐந்தாம் கட்டில், செவ்வாய்ப்பேட்டை நாகரத்தினம்மாள்.
உடம்பு கதகதவென்றுதான் இருந்தது.
துடிப்பு மட்டும் முப்பத்தெட்டு.
கண்ணாடி உடைந்து ஒரு வாரமாம்.
எந்த அட்டை எந்த வேளைக்கு என்று
தடவிப் பார்த்து விழுங்கியிருக்கிறார்,
இதயத்துக்கென்று கொடுத்த அதே மாத்திரையை,
காலையிலும், ராத்திரியிலும்,
போட்டோமா என்ற சந்தேகத்தில் மறுபடியும்.
அவர் தாளில் மேடு இல்லை, பள்ளம்,
கரண்டியால் வழித்தெடுத்த மாதிரி.
மேலறை தட்டுகிறது, கீழறை திறக்கவில்லை.
தட்டுகிறது. தட்டுகிறது. ஒருமுறை திறக்கிறது.

"டியூப்லைட்டு ஏம்மா இப்படி மஞ்சளா எரியுது?
மாம்பழத் தோலு கணக்கா."
மார்கழியில் ஏதுங்க மாம்பழம் என்றேன்.
சிரித்தார். சிரித்ததும் வாந்தி எடுத்தார்.

ஒரே நடை, இரண்டு கட்டிலிலும்.
டாக்டரிடம் கேட்டேன், ஒரே ஊசி போதாதா என்று.
குளிர்ந்த இதயம் மருந்தைக் காதில் வாங்காது.
அவருக்கு மருந்து ஏறாது.
இந்தம்மாவுக்கு மருந்து இறங்க மாட்டேன் என்கிறது.

அப்புறம் நடந்ததெல்லாம் சமையல்கட்டு வேலை.
கேன்டீன் அண்டாவில் வெந்நீர்,
அதில் மிதக்கும் சலைன் பாட்டில்கள்,
பிரசவ வார்டில் கடன் வாங்கிய கம்பளி நான்கு.
மூன்று மணிக்கு அவர் கோடு கிறுக்கலாயிற்று,
குழந்தை பென்சிலைப் பிடுங்கிக்கொண்டதுபோல.
ஜெபமணி நெஞ்சை அழுத்தினான்.
மருமகன் தருமன் வாசலில் நின்று
"போயிட்டாருங்களா?" என்றான்.
"சூடாகாம யாரும் போறதில்ல தம்பி,
வெளிய உக்காருங்க" என்றார் டாக்டர்.
ஜெபமணி ஓய, நான் அழுத்தினேன்.
நான் ஓய, செக்யூரிட்டி.
எத்தனை பாட்டில், எத்தனை கை, எண்ணவில்லை.

ஐந்தம்மாவின் கழுத்து வழியே
அதற்குள் ஒரு கம்பி இறங்கியிருந்தது.
துடிப்புக்கு முன்னால் ஒரு குச்சி, நேராக,
வரிசை பிசகாமல். அது அவருடையது அல்ல.

ஐந்தே முக்காலுக்கு மூன்றாம் கட்டிலில்
மறுபடி ஜெல் தடவினேன்.
தோல் சிலிர்த்தது.
தாள் வந்தது பாருங்கள்,
என் சர்வீஸிலேயே அவ்வளவு மோசமான ஈசிஜி இல்லை.
அடிக்கோடு முழுக்க முள்வேலி,
மேடு இருக்கிறதா போய்விட்டதா, ஒன்றும் தெரியவில்லை.
தாடை கிடுகிடுக்க,
கட்டில் இரும்பு கடகடக்க,
மனிதர் நடுங்கிக்கொண்டிருந்தார்.

"அசையாதீங்க" என்று
ஒரு நாளைக்கு அறுபது தடவை சொல்கிற வாய்.
மூடிக்கொண்டேன்.

"இன்னொண்ணு எடும்மா, இது படிக்கவே முடியல"
என்றார் டாக்டர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.
எடுக்கவில்லை. கம்பளியைத்தான் இழுத்துவிட்டேன்.

ஐந்தாம் கட்டிலைக் கடக்கும்போது
கையைப் பிடித்துக்கொண்டார்.
"விடிஞ்சிருச்சா?"
விடிஞ்சிருச்சுங்க.
"என்ன நெறத்துல?"