ஐந்தாமவன்

சோழிங்கநல்லூர், ஆறாவது மாடி.
இங்கே விடியாத நாலே முக்கால்;
திரையில் இன்னும் நேற்றைய மாலை வெயில்.
ஒரு பேஸ்பாலைக் கையால் தொட்டதில்லை நான்.
ஆனால் எது வளையும், எது கடைசியில் முங்கும்,
விரல் விடும்போதே தெரிந்துவிடும்.
கிளிக், வேகம். கிளிக், விழுந்த கட்டம்.

வேலைக்கு நடுவே பந்தயம்:
முப்பது அணியில் யாருடைய ஐவர் உசத்தி?
நவாஸுக்கு முதல் ஆள்தான் எல்லாம்.
"நூறு மைல்! துப்பாக்கி!" என்கிறான்.
சுகிர்தா சராசரி போட்டு, தசமப் புள்ளிக்கும் கீழே இறங்கி
நீலச்சட்டைக்காரர்களை உச்சியில் வைக்கிறாள்.

நான் பட்டியலை அடியிலிருந்து படிக்கிறவள்.
முதலாமவன் எல்லா ஊரிலும் இருப்பான்.
ஐந்தாமவன் யார், அதைச் சொல்லு.
தொப்பை வைத்தவன், எண்பத்தெட்டுக்கு மேல் ஏறாதவன்,
மூணு ரன் கொடுத்துவிட்டும்
ஆறாவது இன்னிங்ஸில் மண்ணைக் காலால் சீய்த்துக்கொண்டு
நிற்கிறான் பார்,
அவன் இருக்கும் அணிக்குத்தான் என் முதலிடம்.
சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

தொண்ணூறு பந்து போட்டவனுக்குத்
தோளில் ஐஸ், நாலு நாள் ஓய்வு.
எனக்கு இன்று மூவாயிரத்து நூறு கிளிக்.
நாளைக்கும் நான்தான்.

எட்டரைக்கு, துரைப்பாக்கம் பூத்தில்
ஆவின் பச்சை அரை லிட்டர் வாங்கி
வலது மணிக்கட்டில் அழுத்திப் பிடித்தேன்.
ஷேர் ஆட்டோவில் எதிரே இருந்தவர்
ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"சூட்டுல பால் கெட்டுடும்மா."
"கெடட்டும்ணே," என்றேன்.
"கை ஆறட்டும்."